குருதி கூறும் சான்று

உழைப்பாளி ஒருவன் நோயுற்றால் அவன் உணவையும் பழக்கத்தையும் குறைகூறுவார் பலர். அவன் தொழில் செய்த இடத்தைப்பற்றி வினவுவார் சிலரே. உட்புகுந்த நஞ்சு முகத்தில் தெரிவதில்லை. ஆயினும் குருதியிலும் சிறுநீரிலும் அது தன் அடையாளத்தை இட்டே செல்கின்றது. உயிர்க்குறி எனப்படும் அவ்வடையாளத்தை நோய் முற்றுமுன்னரே அளந்தறிய இயலும். உரிய காலத்தில் அதனை அளத்தல் வேண்டும் என்பதும், அளந்த எண் தொழிலாளி கையிலேயே இருத்தல் வேண்டும் என்பதும் எம் கருத்து.

1845 இல் மதுரையிலிருந்து சென்ற அமெரிக்க மிஷன் தொண்டர் வெயிலுக்கு ஒதுங்கிய கோடைக்கானல், 1985 வரை மதுரை மாவட்டத்தைச் சேர்ந்தது. அமெரிக்காவினின்று பெயர்த்துக் கொணர்ந்த வெப்பமானித் தொழிற்சாலை ஒன்று 1980களில் அங்கு அமைந்தது. பின்னர் இந்துஸ்தான் லீவர் நிறுவனத்தின் வசமாயிற்று. பாதரசம் படிந்த உடைந்த கண்ணாடி 2001 இல் பழைய பொருட்கிடங்கொன்றில் காணப்பெறவே கிளர்ச்சி எழுந்து, ஆலை மூடப்பெற்றது. தம் நோய்களுக்குப் பாதரசமே காரணம் என்றனர் தொழிலாளர். எவர் உடலுக்கும் ஊறு நேரவில்லை என்றது நிறுவனம். 2006 இல் உயர்நீதிமன்றத்தை அடைந்த வழக்கு, 2016 மார்ச்சில் 591 பேர் பொருட்டு ஏற்பட்ட உடன்படிக்கையால் முடிந்தது.

இத்தகைய வழக்கில் எதனைச் சான்றாகக் காட்டுவது? மூச்சின்வழிப் புகுந்த பாதரசம் ஏறக்குறைய இரண்டு மாதத்திற்கொருமுறை பாதியாகக் குறைந்து சிறுநீரில் வெளியேறிவிடும். பாதிப்புற்ற நரம்போ அவ்வளவு விரைவில் தேறுவதில்லை. எனவே ஆலை மூடிச் சில ஆண்டுகள் சென்றபின் சிறுநீரை ஆராய்வது, வெள்ளம் வடிந்தபின் வைகையில் நீர்மட்டம் அளப்பதை ஒக்கும். பணி செய்த நாளில் எடுத்த அளவே சான்று. மேலும், அமெரிக்கத் தொழிற்சுகாதார நிபுணர் ஒரு கிராம் கிரியாட்டினினுக்கு 35 மைக்ரோகிராம் என வகுத்திருந்த எல்லையை 2013 இல் 20 ஆகக் குறைத்தனர். 30 என்ற எண்ணைக் கண்டு, “நலமே” எனச் சொல்லி அனுப்பப்பெற்றவன் அவ்வெண்ணை அறிந்திருந்தாலன்றோ மீண்டும் வினவ இயலும்?

1987 இல் தொழிற்சாலைச் சட்டத்திற் சேர்க்கப்பெற்ற 41-சி பிரிவு, அபாயத் தொழில்களில் உடல்நலப் பதிவேடு வைக்கவும் தொழிலாளர் அதனைப் பார்க்கவும் வழி செய்தது. பார்த்தல் மட்டும் போதாது. ஆலை மூடினால் ஏடும் மூடப்படுமாதலின், ஒரு படி அவன் இல்லத்தில் இருத்தல் வேண்டும்.

எண் உயர்ந்தால் வேலை போய்விடுமே என்ற அச்சம் பொய்யன்று. அமெரிக்காவில் 1978 இல் இயற்றிய ஈய விதி, குருதியில் ஈயம் மிகுந்தவனை அப்பணியினின்று விலக்கி, பதினெட்டு மாதம் வரை ஊதியம் குறையாது காக்கின்றது. அக்காப்பில்லாச் சோதனை தண்டனையே ஆகும்.

ஆலைக்கேனும் ஓர் ஏடு உண்டு. நம் மதுரைச் சமவெளியில், மேலூர், வாடிப்பட்டி வயல்களில் பூச்சிக்கொல்லி தெளிக்கும் கூலியாளுக்கு எந்த ஏடு உளது? இன்று ஒருவர் வயல், நாளை வேறொருவர் வயல். அந்நஞ்சினை நம் உழவர் ‘மருந்து’ என்றே வழங்குவர். அச்சொல்லே பாதி அச்சத்தைப் போக்கிவிட்டது போலும். ஆர்கனோபாஸ்பேட் வகை நஞ்சு, நரம்பின் செயலுக்கு இன்றியமையாத கோலினெஸ்டரேஸ் என்னும் நொதியை முடக்குகின்றது. அதன் இயல்பளவு ஆளுக்கு ஆள் வேறுபடுதலின், தெளிப்பதற்கு முன் எடுத்த அளவு இன்றேல் பின்னெடுத்த அளவால் விளங்குவது சிறிதே. கலிபோர்னியாவில் 1974 முதல் இம்முறை நடைபெறுகின்றது. சிவப்பணுக்களில் அந்நொதி முன்னளவில் 70 விழுக்காட்டிற்குத் தாழ்ந்தால் தெளிப்பவரை அவ்வேலையினின்று விலக்குவர்.

நம் ஊர் ஆரம்ப சுகாதார நிலையங்களில் சர்க்கரை நோய்க்கென நாள்தோறும் குருதி எடுக்கின்றனர். இதற்கும் வேண்டுவன சில துளிகளே. பெரியாற்றுக் கால்வாயில் நீர் திறக்குமுன், தெளிப்பவர் ஒவ்வொருவர்க்கும் முதலளவு எடுத்து, அவர் கையில் சீட்டாகக் கொடுத்தல் வேண்டும்.