சுவிட்ச் யார் கையில்?

தமிழ்நாட்டில் வீட்டு மின் இணைப்புக்கு இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம். 2016 முதல் இருக்கும் சலுகை இது. ஆட்சி மாறியும் மாறவில்லை. ஆனால் வாடகை வீட்டில் குடியிருக்கும் நம்மில் எத்தனை பேர் அந்த 100 யூனிட்டைக் கண்ணால் பார்த்திருக்கிறோம்? ஓனர் சப்-மீட்டர் மாட்டியிருக்கிறார். யூனிட்டுக்கு 8 ரூபாய், 10 ரூபாய் என்று அவர் வைத்ததுதான் ரேட். மின்வாரிய பில் நம் கைக்கு வருவதே இல்லை.

கணக்குப் போடுவோம். இரண்டு மாதத்துக்கு 200 யூனிட் ஓடும் ஒரு சிறிய வீடு. தனி இணைப்பு இருந்தால் முதல் 100 யூனிட்டுக்குக் காசில்லை, அடுத்த 100 யூனிட் 5 ரூபாய்க்கும் குறைவு. பில் 500 ரூபாயைத் தாண்டாது. ஓனரின் 10 ரூபாய் ரேட்டில் அதுவே 2,000 ரூபாய். வருடத்துக்கு 9,000 ரூபாய் நம் கூலியிலிருந்தும் உதவித்தொகையிலிருந்தும் போகிறது.

"நாலு வீடும் ஒரே மீட்டர் தம்பி, யூனிட் ஏற ஏற ரேட்டும் ஏறுது" என்பார்கள். ஏறத்தான் செய்யும். நாலு வீட்டுக்கும் தனித்தனியாக வாடகை வாங்கத் தெரிந்தவருக்குத் தனித்தனியாக இணைப்பு வாங்க மட்டும் ஏன் தெரியவில்லை?

பணம் போவது ஒரு பக்கம். அதைவிடப் பெரியது, சுவிட்ச் அவர் கையில் இருப்பது.

வீடு தேடும்போதே விசாரணை ஆரம்பித்துவிடுகிறது. "நீங்க என்ன ஆளுங்க?" என்று நேரடியாகக் கேட்பவர் உண்டு. சொந்த ஊர் எது, ஊரில் எந்தத் தெரு, நான்-வெஜ் சமைப்பீர்களா என்று சுற்றி வளைப்பவர் அதிகம். இதை அக்ரகாரத்தின் பழக்கம் என்று மட்டும் சொல்லித் தப்பிக்க முடியாது. மேடையில் சமூகநீதி பேசுகிறவரின் மாடி வீட்டிலும் இதே கேள்விதான். எப்படியோ மழுப்பி உள்ளே போகிறோம். பிறகு ஒரு நாள் சுவரில் அம்பேத்கர் படத்தைப் பார்க்கிறார்கள், அல்லது மாட்டுக்கறி வாசம் மாடிக்குப் போகிறது.

அப்புறம் யாரும் சாதியைச் சொல்லித் திட்டுவதில்லை. வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் அவர்களுக்கும் தெரியும். மோட்டார் அடிக்கடி 'ரிப்பேர்' ஆகிறது. நம் குழாயில் மட்டும் தண்ணீர் வருவதில்லை. மீட்டர் பெட்டிக்குப் பூட்டு வருகிறது. ராத்திரி நம் வீட்டு ஃபியூஸ் மட்டும் போகிறது. கரண்ட் பில் திடீரென்று இரண்டு மடங்காகிறது. இரண்டு மாதம் தாங்கிவிட்டு நாமே மூட்டை கட்டுகிறோம். 'அவங்களாத்தான் காலி பண்ணிட்டுப் போனாங்க' என்பதோடு கதை முடிகிறது. இதில் வசவும் இல்லை, அடியும் இல்லை, சாட்சியும் இல்லை.

1917இல் பரோடாவில் அண்ணல் அம்பேத்கரை விடுதியிலிருந்து விரட்டத் தடியோடு வந்தார்கள். இன்று தடி தேவையில்லை, ஒரு விரல் போதும். 1927இல் மகாடில் அவர் கேட்டது குளத்துத் தண்ணீர். இன்று அந்தக் குளம் மொட்டை மாடி டேங்காக மேலே ஏறியிருக்கிறது. வால்வு ஓனர் கையில்.

சட்டம் நம் பக்கம் இல்லாமல் இல்லை. 2019இல் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டின் வாடகைச் சட்டம், வீட்டு உரிமையாளர் தண்ணீரையோ மின்சாரத்தையோ நிறுத்தக் கூடாது என்கிறது. வாடகை அதிகாரி உடனே மீட்டுத்தர உத்தரவிடலாம். 2003ஆம் ஆண்டு மின்சாரச் சட்டத்தின் 43ஆவது பிரிவு, உரிமையாளர் மட்டுமல்ல, குடியிருப்பவரும் இணைப்பு கேட்கலாம் என்கிறது. ஓனர் தடையில்லாச் சான்று தரவில்லை என்பதற்காக வாடகைதாரருக்கு மின்சாரத்தை மறுக்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் 2022இல் சொல்லிவிட்டது. பட்டியல் சாதியினர் தம் குடியிருப்பையும் தண்ணீரையும் அனுபவிக்கும் உரிமையில் குறுக்கிடுவது வன்கொடுமைச் சட்டத்தின் 3(1)(ஜி) பிரிவில் குற்றம்.

பிறகு ஏன் ஒருவரும் புகார் கொடுப்பதில்லை? வாடகைச் சட்டத்தின் கதவு பதிவு செய்த ஒப்பந்தத்துக்குத்தான் திறக்கும். நம்மில் பெரும்பாலோர் கையில் இருப்பது வாய்ப்பேச்சும் அட்வான்ஸ் கொடுத்த ஞாபகமும். புகார் கொடுத்த மறுவாரம் எங்கே தூங்குவது என்ற கேள்விக்கு எந்தப் பிரிவிலும் பதில் இல்லை. 'சட்டம் இருக்கிறதே' என்று தனி ஆளிடம் சொல்வது, அவரைத் தனியாகத் தெருவில் நிறுத்துவதுதான்.

ஆகவே இதை இயக்கம் கையில் எடுக்க வேண்டும். வாரியக் கட்டணத்துக்கு மேல் வாடகைதாரரிடம் ஒரு பைசா வாங்கினாலும் அது குற்றமாக்கப்பட வேண்டும். ஒவ்வொரு குடித்தனத்துக்கும் தனி இணைப்பு, தனி 100 யூனிட் வேண்டும். சாதி கேட்டு வீடு மறுப்பதைக் குற்றம் என்று வாடகைச் சட்டமே வாய்திறந்து சொல்ல வேண்டும். பதிவு இல்லாத வாடகைதாரரின் புகாரையும் அதிகாரி ஏற்க வேண்டும்.

அதுவரை சும்மா இருக்க வேண்டியதில்லை. அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்பே மின் இணைப்பு எண்ணைக் கேளுங்கள். அந்த எண் இருந்தால் உண்மையான பில்லை இணையத்தில் பார்க்கலாம். சப்-மீட்டரை மாதா மாதம் படம் எடுங்கள். கரண்டுக்கும் தண்ணீருக்கும் கொடுக்கும் பணத்தைக் கையில் கொடுக்காமல், எதற்கு என்று குறிப்பெழுதி ஃபோனில் அனுப்புங்கள். தண்ணீர் நின்ற நாளையும் நேரத்தையும் எழுதிவையுங்கள். எந்தத் தெருவில் எந்த ஓனர் என்ன செய்தார் என்பதை அடுத்து வீடு தேடும் தோழருக்குச் சொல்லுங்கள்.

நம் சாதியை விசாரிக்க அவர்களுக்கு ஊரே இருக்கிறது. அவர்களின் பில்லை விசாரிக்க நமக்கு நாம் இருக்கிறோம்.