மாதிரி மன்றில் மலையகப் பிள்ளைகள்

1964 ஒக்டோபர் 30 ஆம் நாள் இலங்கை, இந்தியப் பிரதமர்கள் இருவர் புதுடில்லியில் ஓர் ஒப்பந்தத்தில் கையொப்பமிட்டனர். 5 இலட்சத்து 25 ஆயிரம் பேர் இந்தியாவுக்கு. 3 இலட்சம் பேர் இலங்கைக்கு. எஞ்சிய ஒன்றரை இலட்சம் பேரைப் பற்றிப் பின்னர் பேசலாம் என்றனர். பசறையிலும் நமுனுகுலையிலும் கொழுந்து கிள்ளிய கை எதுவும் அவ்வேட்டில் ஒப்பமிடவில்லை. மேசையில் இடமில்லாத மக்களை, மேசையில் அமர்ந்தோர் பங்கிட்டனர்.

அதனை மறவாத நாம், பதுளை, பண்டாரவளை, அப்புத்தளைப் பாடசாலை ஆசிரியர்களுக்கு ஒன்று கூறுவோம்: உயர்தர வகுப்பு மாணாக்கரைக் கொண்டு மாதிரி இராசதந்திர மன்றம் நடத்துங்கள். ஒவ்வொருவரும் ஒரு நாட்டின் தூதராய் அமர்ந்து வாதிடட்டும். முதற் பொருளாக நேட்டோ என்னும் படைக்கூட்டணியை ஆராயட்டும்.

தேயிலை மலைக்கும் அட்லாண்டிக் கடலுக்கும் யாது தொடர்பு என்று கேட்போர் உளர். 2022 இல் உருசியா உக்ரைன் மீது படையெடுத்தபோது உலகெங்கும் உரமும் எரிபொருளும் விலையேறின. அந்த உருசியாவோ நம் தேயிலையை நெடுங்காலமாக வாங்கும் நாடு. அப்போருக்கு நேட்டோவின் விரிவு காரணமென்பாரும், அன்றென்பாரும் உளர். இரு பக்கமும் கேளாதவன் ஒரு பக்கமும் அறியான்.

1949 இல் 12 நாடுகள் சோவியத் வலிமைக்கு எதிராக அமைத்த கூட்டணி அது. 1991 இல் சோவியத் ஒன்றியம் மறைந்தது; கூட்டணி மறையவில்லை. 1999 இல் யூகோசிலாவியா மீது குண்டு பொழிந்தது. 2003 முதல் ஆப்கானித்தானத்தில் பன்னாட்டுப் படையை நடத்தி, 2021 இல் வெளியேறியது. 2024 இல் சுவீடன் சேர, உறுப்பு நாடுகள் 32 ஆயின. காவலுக்கென எழுந்தது ஏன் இவ்வாறு உருமாறியது? நன்றோ, தீதோ? மனப்பாடம் இதற்கு உதவாது. போலந்தாயும் துருக்கியாயும் அமர்ந்து பேசினால் விளங்கும்.

நேட்டோவில் வாக்கெடுப்பில்லை, அனைவரும் இசைந்தாலே முடிவு. நிலைப்படையே இல்லாத ஐசுலாந்தும் மறுத்துரைக்கலாம். லயத்திலிருந்து வரும் சிறுமி ஒருத்தி ஐசுலாந்தாய் எழுந்து, காரணம் காட்டி, "நாம் இசையோம்" என்று உரைக்கும் காட்சியை எண்ணிப் பாருங்கள்!

இது வெறும் விளையாட்டன்று. ஆங்கிலம் வரட்டும் என்று காத்திருக்கவும் வேண்டா, தமிழிலேயே தொடங்குக. ஒரு வகுப்பறையும் உலகப்படமும் வாசிகசாலை ஏடுகளும் போதும். பிறர் எழுதிய ஒப்பந்தத்தில் நம் முன்னோர் வெறும் எண்களாய் நின்றனர். நம் பிள்ளைகள் ஒப்பந்தம் எழுதவும் மறுக்கவும் கற்றவராய் எழுக!