பூட்டைத் திறக்கப் பழகுறவன் எல்லாம் திருடனா சாமி?

மூணு மாசமா பொழுதுபோக்குக்காகப் பூட்டு திறக்கப் பழகிக்கிட்டிருக்கேன். சாவி இல்லாம. இதை வெளியில சொன்னா வர்ற கேள்வி ஒண்ணே ஒண்ணுதான்: "ஏன்யா, திருடப் போறியா?" சிரிச்சுக்கிட்டே கேக்கறவங்களை விட்டுடலாம். சீரியஸா கேக்கற சில பேர் இருக்காங்க பாருங்க, இந்தப் பதிவு அவங்களுக்கு. "இதெல்லாம் கத்துக்கவும் கூடாது, சொல்லித் தரவும் கூடாது, திருடனுக்கு டியூஷன் எடுத்த மாதிரி ஆயிடும்"ங்கறது அவங்க கட்சி. அந்தக் கட்சிக்கு டெபாசிட் கூடக் கிடைக்கக் கூடாதுங்கறது என் கட்சி.

முதல்ல, இதுல அப்படி என்ன ரகசியம் இருக்கு? லைனஸ் யேல் ஜூனியர் 1860களில் காப்புரிமை வாங்கின பின் டம்ளர் பூட்டுதான் இன்னைக்கும் உலகத்துல பாதிக் கதவுல தொங்குது. உள்ளே ஒரு உருளை. அதுக்கு மேலே வரிசையா ஓட்டைகள். ஒவ்வொரு ஓட்டையிலயும் ரெண்டு துண்டா பின்னு, அதை அமுக்கிப் பிடிக்க ஒரு ஸ்பிரிங். பின்னு குறுக்கே நிக்கற வரைக்கும் உருளை சுத்தாது. சரியான சாவி உள்ளே போனா எல்லாப் பின்னும் சரியான உயரத்துக்கு எழும்பி, வழி விடும். அவ்வளவுதான்.

ஆனா எந்த மெஷினும் ஓட்டைகளை மயிரிழை பிசகாம ஒரே கோட்டுல போடறதில்லை. அதனால உருளையை லேசாத் திருப்பிப் பிடிச்சா, முதல்ல ஒரே ஒரு பின்னு மட்டும் இறுக்கும். அதைக் கம்பியால மெதுவாத் தூக்கினா சின்னதா ஒரு 'டிக்'. அப்புறம் அடுத்தது இறுக்கும். புதுசாப் பழகறவங்க எல்லாரும் மாட்டிக்கற இடம், திருப்பற கையில கொடுக்கற அழுத்தம். முறுக்கிப் பிடிச்சா எல்லாப் பின்னும் ஒண்ணாச் சிக்கிக்கும், ஒண்ணும் நடக்காது. வீணை வாசிக்கக் கத்துக்கற மாதிரி, விரல் நுனிக்குக் காது முளைக்கணும். அதுக்கு வாரக்கணக்குல உக்காரணும்.

இப்ப சொல்லுங்க, எந்தத் திருடன் இப்படி உக்காருவான்? அவன்கிட்ட கடப்பாரை இருக்கு. நாதாங்கியை நெம்பினா முடிஞ்சது சோலி. கதவு நிலை உளுத்துப் போயிருந்தா பூட்டு வரைக்கும் கூடப் போகத் தேவையில்லை.

இன்னொண்ணும் கவனிங்க. சாவி தொலைஞ்சா நாம எங்கே ஓடறோம்? தெரு முனையில குடைக்குக் கீழே அரத்தோட உக்காந்திருக்கற சாவிக்காரர்கிட்டதான். அவர் நம்ம வீட்டுப் பூட்டை நம்ம கண்ணு முன்னாடியே திறக்கறார். காசைக் கொடுத்துக் கும்பிட்டு அனுப்பறோம். அவரைப் பார்த்து "நீ திருடனா?"ன்னு கேக்கறோமா? அவர் வயித்துப் பாட்டுக்குச் செஞ்சா தொழில், நான் ஆசைக்குச் செஞ்சா களவா? என்னங்க நியாயம் இது!

இந்தச் சண்டை புதுசும் இல்லை. லண்டன்ல பிரமா கம்பெனி, எங்க பூட்டைச் சாவியில்லாமத் திறக்கறவனுக்கு 200 கினி பரிசுன்னு கடை ஜன்னல்ல எழுதி வச்சிருந்தாங்க. அறுபது வருஷத்துக்கு மேல யாராலும் முடியலை. 1851 உலகக் கண்காட்சிக்கு அமெரிக்காவுலேர்ந்து வந்த ஆல்ஃப்ரெட் சார்ல்ஸ் ஹாப்ஸ், முதல்ல சப் கம்பெனியோட புகழ்பெற்ற பூட்டை அரை மணி நேரத்துக்குள்ள திறந்தார். அப்புறம் பிரமா பூட்டையும் 16 நாள்ல, மொத்தம் 51 மணி நேரம் உழைச்சுத் திறந்துட்டார். அப்பவும் இதே கூப்பாடுதான்: இதையெல்லாம் பொதுவுல பேசலாமா? ஹாப்ஸ் தரப்போட பதில் சுருக்கமா இதுதான்: திருடனுக்கு அவன் தொழில் நம்மைவிட நல்லாவே தெரியும், தெரியாம இருக்கறது பூட்டு வாங்கினவனுக்கு மட்டும்தான். 170 வருஷத்துக்கு மேல ஆச்சு. பதில் இன்னும் பழசாகலை.

2003ல மேட் பிளேஸ்னு ஒரு கணினிப் பாதுகாப்பு ஆராய்ச்சியாளர், மாஸ்டர் சாவி போட்ட கட்டடத்துல ஒரு சாதாரண அறைச் சாவியை வச்சே மாஸ்டர் சாவியைக் கண்டுபிடிச்சுடலாம்னு கட்டுரை எழுதினார். பூட்டுத் தொழில்காரங்க கொதிச்சாங்க. அதுல சில பேர் சொன்ன புகார் என்ன தெரியுமா? "இது எங்களுக்கு ரொம்ப நாளாத் தெரியும், வெளியில சொல்லியிருக்கக் கூடாது". அடப்பாவிகளா! உங்களுக்குத் தெரியும்னா, அந்தக் கட்டடத்துல ராத்திரி தூங்கறவனுக்கு ஏன் தெரியக் கூடாது?

அடுத்த வருஷமே, 2004ல, கிரிப்டோனைட் சைக்கிள் பூட்டைச் சாதாரணப் பால்பாயிண்ட் பேனாவோட குழாயால திறக்கலாம்னு படம் பிடிச்சுப் போட்டாங்க. ஊரே சிரிச்சது. கம்பெனி பூட்டுகளை இலவசமா மாத்திக் கொடுத்தது. யாரும் வாயைத் திறக்காம இருந்திருந்தா மாத்தியிருப்பாங்களா?

வாயை மூடச் சொல்றவங்களோட வைத்தியம் எப்படி இருக்கும்னு ஃபெய்ன்மன் தன் புத்தகத்துல எழுதியிருக்கார். அணுகுண்டுத் திட்டக் காலத்துல, ரகசியக் கோப்பு வைக்கற பெட்டகத்தைத் திறந்து விட்டு வச்சா எண்ணைக் கண்டுபிடிச்சுடலாம்னு ஒரு கர்னலுக்குச் செஞ்சே காட்டினார். கர்னல் என்ன செஞ்சார்? ஃபெய்ன்மன் உங்க அறைக்குள்ள வந்திருந்தா எண்ணை மாத்துங்கன்னு சுற்றறிக்கை விட்டார். ஓட்டையைக் காட்டினவன் ஆபத்தானவன், ஓட்டை அப்படியே இருக்கலாம்! என்னைத் 'திருடனா'ன்னு கேக்கறவங்க எல்லாரும் எனக்கு அந்தக் கர்னலாத்தான் தெரியறாங்க.

எதிர்க்கட்சி சொல்றதுல ஒரே ஒரு நியாயம் இருக்கு, மறைக்கலை. பம்ப் சாவி மாதிரி சில வழிகளுக்குப் பெரிய பழக்கம் தேவையில்லை, பூட்டுல தடயமும் அதிகம் விழாது. அந்த மாதிரி விஷயத்துல முதல்ல கம்பெனிக்குச் சொல்லி, சரி செய்ய அவகாசம் கொடுத்துட்டு அப்புறம் ஊருக்குச் சொல்றதுதான் முறை. அஞ்சு செகண்டுல திறந்து காட்டிக் கைதட்டு வாங்கறதுக்காகவே அலையற நம்மாளுங்களுக்கும் சேர்த்துத்தான் இதைச் சொல்றேன். அவகாசம் கொடுங்கன்னா சரி. வாயையே திறக்காதேன்னா முடியாது.

திண்டுக்கல் பூட்டுக்கு 2019ல புவிசார் குறியீடு கிடைச்சது. கையால லீவர் அடிச்சு, அரம் போட்டு உருவாக்கற பூட்டு. அதோட வேலைப்பாட்டுக்கு மதிப்புத் தெரியணும்னா பூட்டுக்குள்ள என்ன இருக்குன்னு தெரிஞ்ச வாடிக்கையாளன் வேணும். பளபளப்பையும் அட்டைப்பெட்டியையும் பார்த்து வாங்கறவன் கையில எல்லாப் பூட்டும் ஒண்ணுதான். நல்ல பூட்டு செய்யற தொழிலாளிக்கு என்னை மாதிரி ஆளு எதிரி இல்லை சாமி, அவர் வேலையை ரசிக்கத் தெரிஞ்ச ஆளு.

டிஸ்கி: உலகம் முழுக்க இந்தப் பொழுதுபோக்குக்காரங்க கடைப்பிடிக்கற ரெண்டு விதி இருக்கு. உனக்குச் சொந்தமில்லாத, அனுமதி கிடைக்காத பூட்டைத் தொடாதே. புழக்கத்துல இருக்கற பூட்டு உன்னுதே ஆனாலும் அதுல பழகாதே, கெட்டுப் போச்சுன்னா ராத்திரி வாசல்லதான் படுக்கணும். ரெண்டையும் ஒத்துக்கறவங்க பழைய பூட்டு ஒண்ணு வாங்கிட்டு வாங்க, சேர்ந்து உக்காரலாம். ஒத்துக்காதவங்களுக்கு என்கிட்ட வேலை இல்லை, அவங்களுக்குக் கடப்பாரையே போதும்.