பலகைமேல் செகிகஹாரா

1600-ஆம் ஆண்டு அக்டோபர் 21-ஆம் நாள் ஜப்பானில் நிகழ்ந்த செகிகஹாராப் போரை மேசைமேற் பொம்மைச் சேனைகளால் மீண்டும் நடத்துவோர் உளர். மேற்குச் சேனையைச் சார்ந்து மட்ஸுவோ குன்றின்மேல் நின்ற கொபயகாவா ஹிதேயாகி, நடுப்போரில் தன் தோழரையே தாக்கினான். இஷிதா மிட்ஸுனாரி தோற்றான். தொகுகாவா இயேயாசு வென்றான்.

இத்துரோகத்தை மாறா விதியாக எழுதுக என்பர் சிலர்; பகடைக்கு விடுக என்பர் வேறு சிலர். இரண்டும் பொருந்தா என்பது நம் கருத்து. முன்னரே அறிந்தால், மிட்ஸுனாரியாய் ஆடுபவன் தொடக்கத்திலேயே அக்குன்றை நோக்கிப் படை நிறுத்துவான்; பகடையோ மனிதன் நெஞ்சைத் தற்செயலாக்கிவிடும். ஹிதேயாகி இயேயாசுவுக்கு மறைவாக உடன்பட்டிருந்தும், நெடுநேரம் அசையாது நின்றான் அன்றோ? ஆதலின், கிழக்குப் படை முன்னேறுந்தோறும் அவன் மனம் அப்பக்கம் சாயவும், தளருந்தோறும் மீளவும் விதி செய்தல் வேண்டும். அக்கணக்கு மிட்ஸுனாரிக்கு மட்டும் மறைந்திருத்தல் வேண்டும். தோழனை நம்பலாமோ என்னும் ஐயமே அன்று அவன் சுமந்த பெரும் பாரம். அதனை ஆடுவோனும் சுமத்தல் தகும்.