கழிப்பறையில் தொடங்கட்டும் கல்வராயன் சுற்றுலா

சனிக்கிழமை காலையில் கச்சிராயபாளையம் தாண்டி கோமுகி அணைப் பக்கம் போகிற வண்டிகளை எட்டிப் பார்த்தால், பைக்கில் பறக்கும் இளவட்டங்களோடு குடும்பம் குடும்பமாக வருகிறவர்களும் கண்ணில் படுவார்கள். முன் இருக்கையில் தாத்தா, நடுவில் பாட்டியும் மருமகளும், மடியில் இரண்டு வயதுக் குழந்தை. பின்னால் புளிசாதத் தூக்கு, தண்ணீர்க் கேன், டயப்பர் கட்டு. சில வண்டிகளில் ஜன்னல் வழியே நாக்கைத் தொங்கவிட்டுக்கொண்டு ஒரு நாயும் வரும். வீட்டைப் பூட்டிவிட்டுக் கிளம்பும்போது அதை மட்டும் யாரிடம் விட்டுவிட்டு வருவது?

இந்தக் கூட்டம் இனி கூடத்தான் போகிறது. சென்னை உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே 7 முதல் ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் இ-பாஸ் கட்டாயமானது. 2025 கோடைக்கு வண்டிகளின் எண்ணிக்கைக்கே உச்சவரம்பு வந்தது. ஊட்டிக்கு வார நாட்களில் 6,000, வார இறுதியில் 8,000. கொடைக்கானலுக்கு 4,000, 6,000. அங்கே இடமில்லை என்றானபின் மக்கள் ஏற்காடு, ஏலகிரி, ஜவ்வாது, கல்வராயன் என்று பக்கத்து மலைகளைத் தேடுவது இயல்பு. சேலம் - உளுந்தூர்பேட்டை நெடுஞ்சாலையிலிருந்து எளிதில் எட்டிவிடக்கூடிய கல்வராயன், விழுப்புரம், கடலூர், புதுச்சேரிக்காரர்களுக்குக் கைக்கெட்டும் தூரத்து மலை.

மூன்று தலைமுறை சேர்ந்து போக இந்த மலை தோதானதும்கூட. கிழக்குத் தொடர்ச்சி மலையின் இந்தப் பகுதி பெரும்பாலும் 2,000 முதல் 3,000 அடி உயரம்தான்; குழந்தைக்கும் பெரியவர்களுக்கும் உடம்பை உலுக்கும் குளிர் கிடையாது. அடிவாரத்தில் கோமுகி அணை. மேலே கரியாலூரில் படகுத் துறை, சிறுவர் பூங்கா. மழை பெய்து முடிந்த மாதங்களில் பெரியார், மேகம், எட்டியாறு என்று அருவிகள். சேலம் மாவட்டப் பக்கம் இறங்கினால் கருமந்துறையில் ஆயிரம் ஏக்கருக்கு மேல் விரிந்து கிடக்கும் அரசு தோட்டக்கலைப் பண்ணை. வழியெல்லாம் மரவள்ளிக் காடு, சாமைக் கொல்லை, சாலையோரம் தேனும் பலாவும்.

ஆனால் அந்தக் காரில் இருக்கும் பாட்டி காலையிலிருந்து தண்ணீரே குடித்திருக்க மாட்டார்.

சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் மாத்திரை போட்டுக்கொண்டு, வெயில் காலத்தில், வேண்டுமென்றே தொண்டையை வறளவிட்டு மலையேறும் மூதாட்டிகள் தமிழ்நாட்டில் எத்தனையோ பேர். போகிற இடத்தில் கழிப்பறை இருக்குமா, இருந்தாலும் தாழ்ப்பாள் இருக்குமா, தாழ்ப்பாள் இருந்தாலும் தண்ணீர் வருமா என்ற கவலைதான் காரணம். அருவியில் நனைந்த பெண்கள் பாறை மறைவில், இரண்டு பேர் துண்டைப் பிடித்துக்கொள்ள, புடவை மாற்றுவதை எந்த மலையிலும் பார்க்கலாம். குழந்தைக்கு டயப்பர் மாற்றக் கார் சீட்டுதான் கதி. மாற்றிய டயப்பரைப் போடக் குப்பைத்தொட்டி இல்லையென்றால் அது போகிற இடம் ஓடை.

சுற்றுலா மேம்பாடு என்றதும் நிர்வாகங்களுக்கு நினைவுக்கு வருவது படகு, காட்சி கோபுரம், செல்ஃபி எடுக்க ஆங்கில எழுத்தில் ஊர்ப்பெயர். இவற்றைத் திறந்துவைத்துப் புகைப்படம் எடுத்துக்கொள்ளலாம். கழிப்பறைக்கு அந்த யோகம் இல்லை. கட்டினாலும் சுத்தம் செய்ய ஆளும், மேல்தொட்டிக்கு நீரும் வேண்டும். அது மாதா மாதம் வரும் செலவு. அதனால்தான் பல சுற்றுலாத் தலங்களில் கழிப்பறை பூட்டிக் கிடக்கிறது.

யாருக்காகத் திட்டமிடுகிறோம் என்ற கணக்கும் மாறிவிட்டது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் 60 வயதைக் கடந்தவர்கள் 10.4 சதவீதம். மத்திய அரசின் கணிப்புப்படி 2021இல் இது ஏறத்தாழ 13.6 சதவீதம், 2031இல் 18 சதவீதத்தைத் தொடும். கேரளத்துக்கு அடுத்தபடி வேகமாக முதிரும் மாநிலங்களில் ஒன்று இது. மேகம் அருவிக்குப் போகக் கல்லும் வேரும் நிறைந்த பாதையில் நடக்க வேண்டும். முழங்கால் தேய்ந்தவர்களுக்கு அங்கே வேலையில்லை. எல்லா அருவிக்கும் சிமெண்ட் படி கட்டி மலையைப் பாழாக்கச் சொல்லவில்லை. கரியாலூரிலும், சாலையை ஒட்டிய ஓர் அருவியிலுமாவது சரிவுப் பாதை, கைப்பிடிக் கம்பி, முதுகு சாய்த்து உட்கார நிழலில் பெஞ்சு இருக்கட்டும். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016 பொது இடங்களுக்குக் கேட்பதும் ஏறக்குறைய இதைத்தான்.

குழந்தை விஷயத்தில் குடும்பத்துக்கும் பொறுப்பு இருக்கிறது. 2019இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 194பி பிரிவு, 14 வயதுக்குட்பட்ட குழந்தையைப் பெல்ட்டோ குழந்தை இருக்கையோ இல்லாமல் காரில் ஏற்றினால் ஆயிரம் ரூபாய் அபராதம் என்கிறது. மடிதான் பத்திரம் என்பது நம் வீடுகளின் நம்பிக்கை. கொண்டை ஊசி வளைவில் திடீரென்று பிரேக் போட்டால் எந்தப் பாட்டியின் கையும் அந்த வேகத்தைத் தாங்காது. தண்ணீரும் அப்படியே. தவழ்ந்து எழுந்த பிள்ளைக்குக் கணுக்கால் ஆழமே ஆபத்து. பெரியவர்களுக்கோ வெள்ளம். 2024 மே 17 அன்று பழைய குற்றாலத்தில் திடீரெனப் பாய்ந்த வெள்ளம் 17 வயதுச் சிறுவனை அடித்துச் சென்றது. மேல்மலையில் கொட்டிய மழை கீழே குளித்துக்கொண்டிருப்பவருக்குத் தெரிவதில்லை. கல்வராயன் அருவிகளில் மழை நாட்களில் வனத்துறை குளிக்கத் தடை போடும்போது வாசலில் நின்று வாக்குவாதம் செய்கிறவர்கள் இதை நினைத்துப் பார்க்க வேண்டும்.

இனி நாய். ரயிலில் நாயைப் பக்கத்திலேயே வைத்துக்கொள்ள வேண்டுமானால் முதல் வகுப்பில் தனி அறையையே பதிவு செய்ய வேண்டும். இல்லாவிட்டால் கார்டு பெட்டியில் உள்ள கூண்டுதான். கள்ளக்குறிச்சிக்கு வருகிறவர் இறங்க வேண்டியதோ சின்னசேலத்தில். ஆகவே கார்தான் வழி. வந்தபின் அருவிக்குக் கூட்டிப்போக முடியாது என்று தெரிந்ததும் பலர் செய்வது, கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கிவிட்டு நாயைக் காருக்குள்ளேயே விட்டுவிட்டுப் போவது. வெளியே இதமான 24 டிகிரி இருந்தாலும், வெயிலில் நிற்கும் காரின் உள்ளே அரை மணி நேரத்தில் 40 டிகிரியைத் தாண்டிவிடும். நாய்க்கு வியர்த்துக் குளிர வழியில்லை. மூச்சிரைத்துத்தான் சூட்டை வெளியேற்ற வேண்டும். திரும்பி வரும்போது அது துவண்டு கிடக்கும்.

அவிழ்த்துவிடுவது அதைவிட மோசம். பெரும்பகுதி காப்புக்காடு, ஊருக்குள் கோழியும் ஆடும் மேய்கின்றன. பட்டணத்தில் சோபாவில் தூங்கும் லாப்ரடாருக்கு ஓடும் கோழியைக் கண்டால் என்ன தோன்றும் என்பது அதன் எஜமானருக்கே தெரியாது. நோய் இன்னொரு பக்கம். குஜராத்தின் கிர் காட்டில் 2018இல் சில வாரங்களுக்குள் இருபதுக்கும் மேற்பட்ட சிங்கங்கள் செத்தன. அவற்றில் நாய்களிடம் பரவலாகக் காணப்படும் டிஸ்டெம்பர் வைரஸ் இருந்தது. தடுப்பூசி போடாத நாய் காட்டுக்குள் எதைக் கொண்டுபோகும் என்பதற்கு அந்த ஒரு செய்தி போதும். எதிர்த் திசையிலும் இதே ஆபத்து உண்டு. மலையில் வெறிநாய்த் தடுப்பூசி காணாத நாய் ஒன்று வீட்டு நாயைக் கடித்தால், அந்த நாயோடு ஒரே பாயில் உருளும் குழந்தை வரைக்கும் கவலை நீளும்.

நாய் என்றாலே முகம் சுளிக்கும் விடுதிக்காரர்களையும் குறை சொல்வதற்கில்லை. சென்னை ஆயிரம்விளக்கில் மாநகராட்சிப் பூங்காவில் 2024 மே மாதம் இரண்டு ராட்வீலர்கள் ஐந்து வயதுச் சிறுமியைக் கடித்துக் குதறியபின் அந்தப் பயம் நியாயமானது. முழுத் தடையும் வேண்டாம், கண்டபடி அனுமதியும் வேண்டாம். தடுப்பூசி அட்டை இருந்தால் மலைக்கு வரலாம், சங்கிலி இல்லாமல் காரை விட்டு இறங்கக் கூடாது, அருவிக்கும் காட்டுப் பாதைக்கும் கிடையாது, கரியாலூரில் நிழலும் தொட்டித் தண்ணீரும் உள்ள ஓரிடத்தில் ஆள் துணையோடு இருக்கலாம் என்று நான்கு வரியில் பலகை வைத்தால் தீர்ந்தது. அதே கையோடு கால்நடைத் துறை மலைக் கிராம நாய்களுக்கு ஆண்டுதோறும் தடுப்பூசி முகாம் நடத்த வேண்டும்.

இவ்வளவும் இரண்டு நாள் வந்து போகிறவர்களுக்காகவா என்று ஒருவர் கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்விதான். கல்வராயன் மலையின் மலையாளிப் பழங்குடியினர் மூன்று ஜாகீர்தார்களின் கீழ் வாழ்ந்தவர்கள். அந்த ஆட்சி அகன்று மலை முழுமையாக அரசின் கைக்கு வந்தது 1976இல். கள்ளக்குறிச்சி தனி மாவட்டமானது 2019 நவம்பரில். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் விஷச்சாராயம் அறுபதுக்கும் மேற்பட்டோரைப் பலி வாங்கியபோது நாடே இந்தப் பக்கம் திரும்பியது. அதற்கடுத்த மாதம் சென்னை உயர் நீதிமன்றம் தானாக முன்வந்து கல்வராயன் மக்களுக்காக வழக்கு எடுத்தது. அந்த வழக்கில் பேசப்பட்டவை சாலை, மருத்துவம், பள்ளி, ரேஷன் கடை.

பாட்டிக்கு வேண்டிய கழிப்பறையும் வெள்ளிமலைச் சந்திப்பில் பேருந்துக்குக் காத்திருக்கும் மலைக் கிராமப் பெண்ணுக்கு வேண்டிய கழிப்பறையும் ஒன்றுதான். வாந்தியெடுத்துத் துவளும் குழந்தைக்குத் தேவைப்படும் மருத்துவரும், பிரசவ வலி கண்டவருக்குத் தேவைப்படும் மருத்துவரும் ஒரே ஆரம்ப சுகாதார நிலையத்தில்தான் இருக்க வேண்டும். 108ஐ அழைக்க செல்போன் சிக்னல், ஆம்புலன்ஸ் ஏறக் குழியில்லாத சாலை, இரவிலும் கிடைக்கும் பாம்புக்கடி மருந்தும் நாய்க்கடி ஊசியும் இரு தரப்புக்கும் வேண்டியவை. வந்துபோகிறவர்களுக்கு வார இறுதியில் மட்டும். இருப்பவர்களுக்கு ஆண்டு முழுவதும். சுற்றுலாவுக்கு என்று ஒதுக்கும் பணத்தை இவற்றில் போட்டால் ஒரு ரூபாய்க்கு இரண்டு பேர் பயன் பெறுவார்கள். காட்சி கோபுரத்தில் போட்டால் அதில் ஏறுகிறவருக்கு மட்டும்.

வருமானம் யார் கைக்குப் போகிறது என்பதும் முக்கியம். கோவை மாவட்டத்தில் பில்லூர் அணையை ஒட்டிய பரளிக்காட்டில் வனத்துறையும் பழங்குடி மக்களும் சேர்ந்து வார இறுதியில் சூழல் சுற்றுலா நடத்துகிறார்கள். முன்பதிவு செய்தவர்களுக்கு மட்டும் அனுமதி. பரிசல் ஓட்டுவது உள்ளூர் இளைஞர்கள். மதியச் சாப்பாடு அங்குள்ள பெண்களின் சமையல். தாத்தா பாட்டியோடு நிம்மதியாகப் போய்வரக்கூடிய இடம் என்று அதற்குப் பெயர். கல்வராயனில் இதைச் செய்ய முடியாது என்பதற்குக் காரணம் எதுவும் இல்லை. சாமைச் சோறு, மரவள்ளிக் கிழங்கு, தேன், கடுக்காய், புளி என்று விற்க மலையில் சரக்கு இருக்கிறது; மகளிர் குழுக்கள் இருக்கின்றன. கழிப்பறைப் பராமரிப்பையும் உணவகத்தையும் நுழைவுக் கட்டணத்தில் ஒரு பங்கோடு அந்தக் குழுக்களிடம் கொடுக்கலாம். கேரளத்துக்கும் கர்நாடகத்துக்கும் தோட்ட வேலைக்குப் போகும் சிலராவது ஊரில் இருக்க அது உதவும்.

சுற்றுலா வந்தால் மலை கெட்டுவிடும் என்று அஞ்சுகிறவர்களின் பேச்சில் உண்மை இருக்கிறது. அருவிப் பாறை இடுக்குகளில் கிடக்கும் பீர் பாட்டில் சில்லுகளைப் பார்த்தவர்களுக்கு அது புரியும். குழந்தையின் பாதத்தையும் நாயின் பாதத்தையும் கிழிப்பது அந்தச் சில்லுதான். ஆனால் குடும்பங்கள் நாள் முழுக்க உட்காரும் இடத்தில், பெண்கள் கடை போட்டிருக்கும் இடத்தில், விளக்கு எரியும் இடத்தில் பாட்டில் கூட்டம் தங்குவதில்லை. ஆளில்லாத அருவிதான் அவர்களுக்கு வசதி.

இதற்குப் புதிதாக ஒரு வாரியம் அமைக்கத் தேவையில்லை. அருவியும் காட்டுப் பாதையும் வனத்துறையிடம், படகுத் துறை சுற்றுலாத் துறையிடம், மருந்தகம் சுகாதாரத் துறையிடம், நாய்த் தடுப்பூசி கால்நடைத் துறையிடம் இருக்கின்றன. நான்கு துறை அலுவலர்களையும் மாவட்ட ஆட்சியர் ஒரே மேசையில் உட்காரவைத்து, அடுத்த கோடைக்கு முன் கச்சிராயபாளையம், கரியாலூர், வெள்ளிமலை மூன்று இடங்களிலும் தண்ணீர் வரும், தாழ்ப்பாள் விழும், இரவிலும் திறந்திருக்கும் கழிப்பறைக்கு நாள் குறிக்கலாம். கரியாலூரில் இன்னொரு படகு வாங்கும் கோப்பு எங்காவது நகர்ந்துகொண்டிருந்தால், அது அதுவரை காத்திருக்கட்டும்.