நோய் காணும் அறிவுக்கும் கூலி உண்டு

மகிழுந்து வைத்திருப்போர் பலரிடம் ஒரு வழக்கம் வேரூன்றி நிற்கின்றது. பொறி தடுமாறத் தொடங்கியதும் பட்டறைக்கு விரைவர். கம்மியர் புதிய உறுப்பொன்றை எடுத்துக் காட்டினால் அதன் விலையை மறுசொல் இன்றிக் கொடுப்பர். 'கோளாறு இன்னதெனக் காண இரண்டு மணிநேரம் செலவிட்டேன். அதற்கும் கூலி வேண்டும்' என அவர் கேட்டாலோ முகஞ்சுளிப்பர். கையால் தொட்டுப் பார்க்கும் பண்டத்துக்கு விலையுண்டு, கண்ணுக்குப் புலனாகாத அறிவுக்கு விலையில்லை என்பது இவர்தம் கணக்கு. இக்கணக்கு முற்றும் பிழையானது. இதனால் இழப்பெய்துவோரும் இவரே.

பெட்ரோல் எனப்படும் கன்னெய்யால் இயங்கும் நான்குருளை மகிழுந்து ஒன்றை எடுத்துக்கொள்வோம். பொறி மணித்துளிக்கு 3000 சுற்றுச் சுழலுங்கால் ஒவ்வோர் உருளையிலும் நொடிக்கு 25 முறை எரிதல் நிகழ்கின்றது. அவற்றுள் சில நிகழாது போவதையே பட்டறையில் 'மிசிங்கு' என்பர். நாம் எரிதவறல் என்போம். நின்றவிடத்து வண்டி நடுங்கும். மேட்டில் இழுவை குன்றும். புகைக்குழலின் ஓசை சீர்கெடும்.

எரிதலுக்கு வேண்டுவன மூன்று. காற்றும் கன்னெய்யும் அளவொத்துக் கலத்தல் வேண்டும். அக்கலவை நன்கு அழுத்தப்பெறல் வேண்டும். உரிய காலத்தில் வலிய தீப்பொறி எழுதல் வேண்டும். மூன்றனுள் எது குறையினும் வெளியே தோன்றும் நடுக்கம் ஒன்றே. குறி ஒன்று, கரணியமோ பல. இந்நிலையில் ஆராயாது உறுப்பை மாற்றுவது மருத்துவமன்று, சூதாட்டம்.

கரணியத்தைப் பிரித்துணர்த்தும் முதற்கருவி மூக்கே. நாற்றம் என்னும் நம் சொல் பண்டு நறுமணத்தையும் தீமணத்தையும் ஒருங்கே குறித்தது. புகைக்குழலின் பின் நிற்போர்க்கு அப்பழம்பொருளே உதவும்; இனிய மணமும் அங்கே நோயின் குறியாதலின்.

பச்சைக் கன்னெய் நாற்றம் வீசின், எரியாத எரிபொருள் வெளியேறுகின்றது என்க. தீப்பொறி எழவில்லை, அல்லது கன்னெய் தெளிக்கும் 'இஞ்செக்டர்' ஒழுகுகின்றது என ஐயுறலாம். இனித்த மணமும் கலையாத வெண்புகையும் சேர்ந்து வரின், குளிர்ப்பு நீர் உருளைக்குள் கசிந்து எரிகின்றது, 'கேசுகட்டு' பழுதாகியிருக்கலாம். குளிர்காலை வேளையில் சிறிதுபொழுது தோன்றி மறையும் நீராவியை இதனோடு மயங்கற்க. நீலப்புகையும் காய்ந்த எண்ணெய் நாற்றமும் உயவு எண்ணெய் எரிதலைக் காட்டும். அழுகிய முட்டை நாற்றம் கந்தகத்தின்பாற் பிறக்கும் ஐதரசன் சல்பைடு வளியினது. 2020 ஏப்பிரல் முதல் இந்நாட்டில் விற்கப்பெறும் பாரத் நிலை 6 கன்னெய்யில் பத்திலக்கம் பங்குக்குக் கந்தகம் 10 பங்கினை விஞ்சலாகாது. ஆகலின் அந்நாற்றம் இடையறாது வீசின், எரிபொருளை மட்டும் பழித்தமையாது, கன்னெய் மிகுந்த கலவையையும் வினையூக்கி மாற்றியின் நிலையையும் ஆராய்க.

மூக்கு வழிகாட்டும், முடிவு கூறாது. 'கணிப்பொறிக் கருவியை மாட்டினால் எல்லாம் சொல்லிவிடுமே' என்பாரும் உளர். அது சொல்வது குறைவே. பி0301 என அக்கருவி காட்டின் முதலாம் உருளையில் எரிதவறல் என்பது பொருள். எவ்வுறுப்பு கெட்டது என்பதை அது கூறவில்லை. ஈண்டுத்தான் கம்மியரின் அறிவு வேண்டப்படுகின்றது. உருளைக்கு ஒன்றாக மின்சுருள் உள்ள வண்டியாயின், அவர் முதலுருளையின் சுருளை மூன்றாவதற்கு மாற்றி மீண்டும் ஓட்டுவார். குறியீடு பி0303 ஆக மாறின் குற்றவாளி அச்சுருளே. மாறாவிடின் அடுத்துப் 'பிளக்கு', பின் 'இஞ்செக்டர்', இறுதியில் உருளையின் அழுத்த அளவு என ஒவ்வொன்றாய் விலக்கிச் செல்வார். கழற்றிய பிளக்கின் முனையும் பேசும்: உலர்ந்த கரி படிந்திருப்பின் கன்னெய் மிகுதி, கன்னெய்யில் நனைந்திருப்பின் பொறியின்மை, எண்ணெய் பூசியிருப்பின் உள்ளே எண்ணெய்க் கசிவு. இவ்வாய்வில் புதிய உறுப்பு ஒன்றும் செலவாகவில்லை. செலவானது அறிவும் காலமும். அதற்கன்றோ நாம் கூலி மறுக்கின்றோம்?

மறுத்தலின் விளைவைக் காண்க. ஆய்வுக்கு ஊதியம் பெறாத பட்டறை உறுப்பு விற்றே வாழ வேண்டியதாகின்றது. முதலில் பிளக்கு, அடுத்துச் சுருள், அடுத்து இஞ்செக்டர் என வரிசையாய் மாற்றி, நான்காவதில் நோய் தீரும். முன்னை மூன்றும் வீண். அதற்குள் எரியாத கன்னெய் வினையூக்கி மாற்றியைச் சென்றடைந்து அங்கே எரியும். மாற்றி அளவிறந்து காய்ந்து உள்ளுருகிப் போகும். பிளாட்டினம், பல்லேடியம் முதலிய அருமாழைகள் பூசிய அவ்வுறுப்பின் விலை, மறுக்கப்பட்ட கூலியினும் பன்மடங்கு. பொறி எச்சரிக்கை விளக்கு விட்டுவிட்டு ஒளிர்வது இவ்வேதத்தை உணர்த்தவே. அந்நிலையில் விரைவைக் குறைத்து, காப்பான இடத்தில் வண்டியை நிறுத்துதல் வேண்டும். விளக்கை மட்டும் அணைத்துத் தருக என்பதும், மாற்றியைப் பிடுங்கி எறிக என்பதும் அறமல்ல. முன்னது தன்னை ஏமாற்றல். பின்னது தெருவில் மூச்சு விடுவார் அனைவர்க்கும் நஞ்சூட்டல்.

இன்னும் கொடியதொன்று உண்டு. புகையினுள் மிக நஞ்சாகிய கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. நாற்றம் இல்லை எனத் தேறியிருப்பவனை அது ஓசையின்றிக் கொல்லும். புகைக்குழலில் ஓட்டை ஐயுறப்பெறின் அதனைத் தள்ளிப் போடற்க. அடைத்த கொட்டகையில் பொறியை ஓடவிட்டு வண்டிக்குள் உறங்கற்க.

'ஆய்வுக்குக் கூலி கொடுத்தும் பிழையாகச் சொன்னால்?' எனும் வினா நேரியது. விடையும் எளிது. கூலி கொடுப்பவன் சான்று கேட்கும் உரிமை உடையவன். எந்த ஆய்வு செய்தீர், அளவு யாது காட்டியது, கழற்றிய உறுப்பு எங்கே எனக் கேளுங்கள். நல்ல கம்மியர் மகிழ்ந்து காட்டுவார். நம் கடமையும் ஒன்றுண்டு. நடுக்கம் குளிர்ந்த பொறியிலா காய்ந்ததிலா, மழைக்குப் பின்னா, கன்னெய் நிரப்பிய பின்னா என்பதை மறையாது கூறல் வேண்டும். நோயாளி வாய் திறவாவிடின் மருத்துவன் என் செய்வான்?

திருக்குறளின் மருந்ததிகாரம் நோயையும் அதன் முதலையும் கண்ட பின்னரே தீர்க்கும் வழியை வைத்தது. அவ்வரிசை உடலுக்கு மட்டும் உரியதன்று. எண்ணெய்க் கறை படிந்த கையோடு அவ்வரிசை பிழையாது நிற்கும் கம்மியரும் அறிவுடையாரே. அவர் அறிவை மதித்துக் கூலி கொடுங்கள். வேண்டா உறுப்புக்கு விலை கொடுக்கும் நிலை தானே ஒழியும்.