உள்ளே பார்... பார்ப்பதற்கு முன் அளந்து பார்!

செகண்ட் ஹேண்ட் பைக் வாங்கப் போனா முதல்ல எதைப் பார்ப்பீங்க? பெயின்ட்டையா, இன்ஜினையா? பெயின்ட்னு சொல்றவங்களுக்குத்தான் இந்த வாரம்.

என் ரூம்மேட்டோட அண்ணன் அமெரிக்காவில், பென்சில்வேனியாவில் வேலை பார்க்கிறார். அவரோட ஆபீஸ் நண்பருக்கு மான் வேட்டை ஆசை. கையில் சில நூறு டாலர்தான். குழல் வாய் வழியா மருந்து கெட்டிக்கிற பழைய ஸ்டைல் ரைஃபிள் ஒண்ணு வாங்க முடிவு பண்ணினார். நம்ம ஊர் நாட்டுத் துப்பாக்கிக்குச் சொந்தக்காரன்!

இதுல ரெண்டு வகை. தீபாவளி கேப் மாதிரி ஒரு கேப்பைத் தட்டி வெடிக்கிறது ஒண்ணு. சக்கிமுக்கிக் கல் இரும்புல உரசி, அந்தப் பொறியில வெடிக்கிற ஃப்ளின்ட்லாக் இன்னொண்ணு. புதுசா பழகுறவங்களுக்கு கேப் வகைதான் ஈஸி. ஆனா அங்கே கிறிஸ்துமஸுக்கு மறுநாள் தொடங்குற சீசனில் ஃப்ளின்ட்லாக் மட்டும்தான் செல்லும். மாத்தி வாங்கினா சுவத்துல மாட்டி அழகு பார்க்க வேண்டியதுதான். ஆக, பர்ஸைத் திறக்கறதுக்கு முன்னாடி ரூல்ஸைப் படிக்கணும்.

ஒரு வீட்டில் பழைய ஃப்ளின்ட்லாக் சல்லிசா கிடைச்சது. மரக்கட்டை பளபள. நண்பர் டார்ச்சை எடுத்து, குழலுக்குள்ளே எட்டிப் பார்க்கக் குனிஞ்சார். அதுவும் நியாயம்தான். கரிமருந்து சுட்டதும் படியுற கரி ஈரத்தை இழுத்துக்கும். அன்னிக்கே சோப்புத் தண்ணியில் கழுவித் துடைச்சு எண்ணெய் போடலைன்னா, துரு குழலைக் குழி குழியா அரிச்சிடும். மரத்துக்கு பாலிஷ் போடலாம், அரிச்ச குழலை என்ன பண்றது?

ஆனா கூட வந்த பெரியவர் அவர் தோளைப் பிடிச்சு இழுத்தார். கெட்டிக்கிற கம்பியை அடிவரை இறக்கி, வாய் விளிம்பில் விரலை வெச்சு அடையாளம் பிடிச்சார். வெளியே எடுத்துக் குழலுக்குப் பக்கத்திலேயே வெச்சு அளந்தார். நம்ம ஒர்க்‌ஷாப் லேப் டெப்த் கேஜ் தத்துவம்தான்! காலியா இருந்தா கம்பி, நெருப்பு போற துளை வரைக்கும் எட்டணும். ரெண்டு இன்ச் குறைஞ்சது.

உள்ளே மருந்தும் குண்டும்! எப்போ கெட்டிச்சதோ, விக்கிறவருக்கே தெரியலை. காய்ஞ்ச கரிமருந்து எத்தனை வருஷமானாலும் வெடிக்கும்.

அதை வாங்கலை. அப்புறம் மரம் மங்கின, குழல் சுத்தமான ஒண்ணு அமைஞ்சது. மிச்சக் காசு மருந்து அளக்கிற குவளைக்கும் கழுவுற கம்பிக்கும் போச்சு.

நம்ம ஊரில் லைசென்ஸ் இல்லாம இதைத் தொட்டா கம்பிதான், அது வேற கம்பி! ஆனா பாடம் நமக்கும் உண்டு. காலியாத்தான் இருக்கும்னு நினைக்காதீங்க... அளந்து பாருங்க!